கடல்மட்டத்துக்குக் கீழே ஆறு துனும்

"திரு. சுவைலிம் ஹாயில், முன்னோடி உழவர். ஜோர்டான் பள்ளத்தாக்கின் ருமைலா கிராமத்தில், மூதாதையர் வழிவந்த ஆறு துனும் நிலத்தில் குடும்பத்துடன் இயற்கையோடு இயைந்து வாழ்கிறார். வறண்ட நிலத்துக்கான பெர்மாகல்ச்சர் வடிவமைப்பைத் தன்னார்வத்தோடு கற்றவர். துணிச்சலான ஒரு சோதனையின் மூலம் பாசன நீரை எண்பது விழுக்காடு குறைத்துக் காட்டியவர்."

வழவழப்பான கையேடு ஒன்றின் ஒன்பதாம் பக்கத்தில் இது அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே படம். அதில் சுவைலிம் ஓர் அத்திக்கிளையைப் பிடித்துக்கொண்டு, விட்டால் கிளை ஓடிப்போய்விடும் என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி நிற்கிறார். ஓட நினைத்தது கிளையல்ல என்பது ருமைலாவில் எல்லோருக்கும் தெரியும்.

மூதாதையர் என்று கையேடு பன்மையில் சொல்வது அவருடைய அப்பா ஒருவரைத்தான். அரசாங்கம் கால்வாய் வெட்டி நிலத்தைப் பங்கு பிரித்தபோது ஹாயில் தன் ஆடுகளோடு அந்தப் பக்கம் கூடாரம் போட்டிருந்தார். யாரோ பெயர் கேட்டார்கள், சொன்னார், ஆறு துனும், அதாவது ஒன்றரை ஏக்கர், அவர் பெயருக்கு வந்தது. அவர் கடைசிவரை அதில் ஒரு விதை ஊன்றவில்லை. தக்காளிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அவர்கள் பிளாஸ்டிக் கொட்டகை போட்டு இருபது வருடம் மண்ணைப் பிழிந்தார்கள். கடைசி அறுவடையோடு போனவர்கள் திரும்பி வரவில்லை. மிச்சமிருந்தது கிழிந்த பிளாஸ்டிக்கும், மேலே உப்புப் பூத்து வெளுத்துப்போன தரையும். சாக்கடலுக்குக் கூப்பிடு தூரம், கடல்மட்டத்துக்கு முந்நூற்றைம்பது மீட்டர் கீழே. கோடையில் அங்கே கோழிகூட நிழலை விட்டு வராது.

அந்த நிலத்தில் சுவைலிம் குடும்பத்தோடு வாழவும் இல்லை. அங்கே வீடே கிடையாது. வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள், பள்ளிவாசலுக்குப் பின்னால். தொழிலும் உழவு அல்ல. தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குழாயில் வாரம் ஒரு நாள் வரும் தண்ணீர் போதாத வீடுகளுக்கு லோடு அடித்துக் கொடுப்பார். மூன்று பெண் பிள்ளைகள். மகன் இல்லாததால் ஊர் வழக்கப்படி அவரை அவருடைய அப்பா பெயரை வைத்தே அபூ ஹாயில், ஹாயிலின் தகப்பன், என்று கூப்பிட்டார்கள். வராத பேரனுக்கு ஒதுக்கிவைத்த பெயர் அது.

மிச்சம் இருப்பது அந்தத் 'தன்னார்வம்'. அதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய மனைவி நவ்ஃபா அகபாக்காரி. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தப் பள்ளத்துக்குள் இறங்கிய நாளிலிருந்து மேலே ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுடைய தம்பி ஸக்ர் துறைமுகத்தில் சுவைலிமுக்கு ஒரு வேலை பிடித்துவிட்டான்: தீயணைப்பு வண்டி ஓட்டுநர். தண்ணீர் வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு நெருப்பு வண்டி என்ன பெரிய விஷயம்? மாதம் முடிவதற்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நவ்ஃபா பாய்களைச் சுருட்டிக் கட்டிவிட்டாள். பெரிய மகள் ஹனூஃபுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு, போகாமல் இருப்பதால் தினமும் மறுபடி விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஹாஜி மத்லக் பதினொரு பேரோடு வந்து வாசலில் நின்றார். ஹாஜி அவர்கள் குலத்துக்குப் பெரியவர். அவர் இருவரோடு வந்தால் நலம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று பொருள். பதினொரு பேரோடு வந்தால் கேட்க வந்திருக்கிறார்.

என்ன கேட்கப்போகிறார் என்று சுவைலிமுக்கு நன்றாகத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்தார். போன வாரம் ஹாஜியின் தம்பி மகன் கல்லெறிந்து லாரியின் பக்கக் கண்ணாடியை உடைத்திருந்தான். சுவைலிம் போலீஸ் சாவடியில் எழுதிக் கொடுத்துவிட்டார். புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி வந்திருக்கிறார்கள், வேறென்ன? ஊரை விட்டுப் போகிற நேரத்தில் ஒரு கண்ணாடிக்காகப் பகை எதற்கு? பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க இப்படி ஒரு வாய்ப்பு பதினொரு சாட்சிகளோடு தானாக வீடு தேடி வருவது அபூர்வம். அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

கசப்புக் காபியை ஊற்றி முதல் கோப்பையை ஹாஜியிடம் நீட்டினார். ஹாஜி வாங்கினார். குடிக்கவில்லை. முன்னாலிருந்த பாயில் வைத்தார். உடனே மற்ற பதினொரு பேரின் கைகளும் மடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

"அபூ ஹாயில், உங்கிட்ட ஒரு காரியமா வந்திருக்கோம்" என்றார் ஹாஜி.

விருந்தாளி குடிக்காமல் வைத்த காபி ஆறிப்போனால் அது வீட்டுக்காரனுக்கு அவமானம். அவர் கேட்டதைத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவர் குடிப்பார். குடித்துவிட்டால் வார்த்தை வார்த்தைதான். அதற்குமேல் கையெழுத்து, முத்திரை ஒன்றும் வேண்டியதில்லை. சாதாரணமாக எல்லாம் முன்கூட்டியே காதோடு காதாகப் பேசி முடித்திருப்பார்கள். கோப்பையை வைப்பது ஒரு சடங்குதான். பேசி முடிக்காத சமயத்தில், விவரமுள்ளவன் "சொல்லுங்க, கேக்கிறேன்" என்பான். கொஞ்சம் வெடுக்கென்றுதான் இருக்கும். ஆனால் நிலம் பிழைக்கும்.

சுவைலிம், "காபியைக் குடிங்க ஹாஜி. எதுக்கு வந்தீங்களோ அது முடிஞ்சது. கேக்கவே வேண்டாம்" என்றார்.

பதினொரு பேரும் மகிழ்ந்து தலையாட்டினார்கள். ஹாஜி ஒரே மடக்கில் குடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"அல்லாஹ் உன் முகத்தை ஒளியாக்கட்டும். விஷயம் இதுதான். வறண்ட மண்ணுல மரம் வளக்கறதுக்குப் பாடம் சொல்லிக்குடுக்க ஒரு சங்கம் வருது. வெளிநாட்டு உதவி. அவங்களுக்கு ஒரு கெட்டுப்போன நிலம் வேணும். ரொம்பக் கெட்டுப்போனதா இருந்தா ரொம்ப நல்லதாம். உன்னோட ஆறு துனுமை விடப் பொருத்தமா எங்க போய்த் தேடறது? அதோட, நிலத்துக்காரன் கூடவே நிக்கணும், பாடம் படிக்கணும். ஊர்க்காரன் ஒருத்தன் இல்லேன்னா திட்டம் அடுத்த ஊருக்குப் போயிரும். அந்த ஊர்க்காரனுங்க முகத்துல நாம முழிக்கவா?"

சுவைலிம் கையிலிருந்த காலிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப கண்ணாடி?"

"எந்தக் கண்ணாடி?" என்றார் ஹாஜி.

எத்தனை வருடத்துக்கு என்று அந்த நிமிடமே கேட்டிருக்க வேண்டும். கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பது கஞ்சத்தனமாகத் தெரியும் என்று சுவைலிம் கேட்கவில்லை. ஹாஜி சொல்லவுமில்லை, அவர் அதை யோசித்திருக்கவே இல்லை. ஆக, அந்த வார்த்தைக்கு ஆரம்பம் மட்டும் வைத்து, முடிவு வைக்காமலே எழுந்து போனார்கள்.

நவ்ஃபா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு கண்ணாடிக்கு ஆறு துனுமும் ஒரு ஆம்பளையும் போச்சு. நல்லவேளை, அவன் டயரை உடைக்கல. என்னையும் பிள்ளைங்களையும் சேத்துக் குடுத்திருப்பே."

"வார்த்தை குடுத்துட்டேன், நவ்ஃபா."

"எனக்கும்தான் குடுத்தே, அகபாவுக்குப் போறோம்னு. அது காபி இல்லாம குடுத்ததுனால செல்லாதா?"

மாதம் முடிந்தது. தீயணைப்பு வண்டி வேறொருவன் கைக்குப் போனது. சுருட்டிய பாய்களை நவ்ஃபா மூன்று வாரம் பிரிக்கவில்லை. எல்லோரும் வெறும் தரையில் படுத்தார்கள்.

பயிற்சி பதினைந்து நாள். நிலத்தின் நடுவில் பெரிய கூடாரம், இருபத்திரண்டு மாணவர்கள். இருபத்தொரு பேர் விமானம் ஏறி, கட்டணம் கட்டி, ஆசைப்பட்டு வந்தவர்கள். இருபத்திரண்டாவது ஆள் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிக்கொடுத்தவர் தலைநகர் அம்மானிலிருந்து வந்த வேளாண் பொறியாளர் லமீஸ். குட்டையான, வேகமான பெண்மணி. இரண்டு மொழியிலும் மூச்சு விடாமல் பேசுவார்.

முதல் நாள் அவர் சொன்னார்: "நிலத்தைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் சும்மா பாருங்க. காத்து எங்கிருந்து வருது, தண்ணி எங்க போகுது, நிழல் எங்க விழுது. எதையும் செய்யாதீங்க."

"இஞ்சினியரம்மா" என்றார் சுவைலிம் பின்னாலிருந்து, "எங்கப்பாவும் நானும் நாப்பது வருஷமா அதைத்தான் செஞ்சிட்டிருக்கோம். சர்டிபிகேட்டைக் குடுத்தீங்கன்னா நான் கிளம்பிருவேன்."

லமீஸ் சிரிக்காமல் மொழிபெயர்த்தார். இருபத்தொரு பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இன்னொரு நாள் மண்டலம் வரைகிற பாடம். வீட்டை நடுவில் வைத்து, அடிக்கடி கால் படுகிற இடத்தை அருகில், எப்போதாவது போகிற இடத்தைத் தூரத்தில் என்று வட்டம் வட்டமாக வரைய வேண்டும். கீரை வாசலில், காடு எல்லையில். சுவைலிம் நடுவில் லாரியின் இருக்கையை வரைந்தார். அதைச் சுற்றி நீரேற்று நிலையம், எண்பது வீடுகள், டீக்கடை. நிலத்தைத் தாளின் ஓரத்தில், பாதி தாளுக்கு வெளியே தொங்கும்படி வைத்தார். லமீஸ் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இந்த வகுப்புலயே நேர்மையான வரைபடம் இதுதான்" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஏழாம் நாள் சுவைலிமின் வாய் சும்மா இருக்கவில்லை.

அன்று மட்டம் பிடிக்கிற பாடம். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அந்த நிலத்தை அரைமணியில் கடந்து சாக்கடலுக்குப் போய்விடும். அதை வழிமறிக்க, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டும். ஓடுவதற்கல்ல, நிற்பதற்கான வாய்க்கால். ஒரு விரற்கடை மட்டம் தவறினாலும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சேர்ந்து கரையை உடைத்துக்கொண்டு போய்விடும். மூன்று கம்பைக் கூரைபோல் கட்டி, நடுவில் கல்லைத் தொங்கவிட்ட சட்டத்தைக் காலெடுத்து வைப்பதுபோல் நகர்த்தி நகர்த்தி, மாணவர்கள் காலை முழுவதும் முளை அடித்தார்கள். சுவைலிம் லாரியின் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி அஞ்சு முளை தப்பு" என்றார்.

"சட்டம் வெச்சுத்தானே அடிச்சோம்?" என்றார் லமீஸ்.

"சட்டம் எனக்குத் தெரியாது. அந்த இடத்துல லாரியை நியூட்ரல்ல விட்டா பின்னாடி உருளும். ரெண்டாவது ஈச்ச மரத்துக்கிட்ட நிக்கும். நாலாயிரம் லிட்டர் முதுகுல இருக்கறவனுக்குத் தரை எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியலேன்னா எப்பவோ செத்திருப்பான்."

நீர்க்குழாய் மட்டம் கொண்டுவந்து சரிபார்த்தார்கள். நான்கு விரற்கடை வித்தியாசம். காற்றில் கல் ஆடியிருக்கிறது. இருபத்தொரு பேரும் கைதட்டினார்கள். சுவைலிமை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மறுநாளிலிருந்து அவருடைய நாற்காலி முன் வரிசைக்கு வந்துவிட்டது. அதை யார் நகர்த்தினார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பயிற்சி முடிந்து எல்லோரும் விமானம் ஏறினார்கள். ஏறாதவர் ஒருவர்.

இலையுதிர் காலத்தில் மூன்று வாய்க்கால் வெட்டினார். கரையில் முதலில் முள்மரங்களும் சவுண்டலும், அவற்றின் நிழலில் அத்தி, மாதுளை, கொய்யா. தரை தெரியாதபடி வாழைத்தார் கழிவு, பழைய வைக்கோல், குதிரைலாயக் குப்பை என்று முழங்கால் உயரத்துக்கு மூடாக்கு. ஊரில் பெரிய கேலி.

"அபூ ஹாயில், நிலத்துக்குக் குளிருதா?"

"உங்க வீட்டுல மெத்தை இருந்தா குடுங்க, அதையும் போத்தறேன்."

ஜனவரியில் மழை வந்தது. மலையிலிருந்து செந்நிறமாகத் தண்ணீர் இறங்கி முதல் வாய்க்காலில் விழுந்து, நின்றது. நிறைந்து, அடுத்ததற்கு வழிந்து, அங்கும் நின்றது. சுவைலிம் கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பழக்கதோஷத்தில் லோடுக் கணக்காகத்தான் பார்த்தார்: நாற்பது லோடு இருக்கும். யாரும் ஃபோன் செய்து கேட்காமல், யாரும் ஓட்டிவராமல், அவருடைய பாழ்நிலத்தில் நாற்பது லோடு தண்ணீர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இரண்டு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அன்று அவருக்கு வந்தது மகிழ்ச்சி என்று லமீஸ் எழுதினார். பயம் என்று நவ்ஃபாவிடம் அவரே சொன்னார்.

"இது பலிச்சிரும் போலருக்கு" என்றார்.

"பலிச்சா?"

"பலிச்சா விடுவாங்களா?"

பலிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. வார்த்தை என்ன? நிலத்தைக் கொடு, கூட நில், படி. மரம் பிழைக்க வேண்டும் என்று யாரும் கோப்பையை வைக்கவில்லையே. ஜூலை முதல் தேதி, நாற்பத்தாறு டிகிரி வெயிலில், சொட்டுநீர்க் குழாயின் வால்வை மூடினார். யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் போய், வார்த்தை தவறாமல், கூட நின்றார். அவ்வளவுதான்.

காய்கறி ஒரு வாரத்தில் கருகியது. எலுமிச்சை மூன்றாம் வாரம். சரி, இன்னும் பத்து நாள் என்று எண்ணினார். பத்து நாளில் சவுண்டல் துளிர்த்தது. அத்தி இலை சற்றே தொங்கியது, மாலையில் நிமிர்ந்துகொண்டது. கோபம் தாங்காமல் மூடாக்கைக் கையால் கிளறினார். ஒரு சாண் அடியில் மண் ஈரமாக, கறுப்பாக, பிசைந்த மாவுபோல் இருந்தது. உள்ளே மண்புழு. அந்த ஊரில் மண்புழுவை அதற்குமுன் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

நாற்பதாம் நாள் லமீஸ் திடீரென்று வந்தார். காய்ந்த குழாயைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார்.

"தண்ணியைக் குறைச்சீங்களா?"

"நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா! ஜூலையிலயா!" லமீஸ் குறிப்பேட்டைத் திறந்தார். அவர் முகத்தில் தெரிந்த மதிப்பைக் கண்டு சுவைலிம் காய்ந்த குழாயைக் காலால் வைக்கோலுக்கு அடியில் தள்ளினார். "அபூ ஹாயில், எங்கள்ல யாருக்கும் இந்தத் துணிச்சல் வராது. எத்தனை பிழைச்சிருக்கு?"

"நிறைய" என்றார் சுவைலிம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குரலில்.

அடுத்த பருவத்திலிருந்து பயிற்சிக்கு நாற்பது பேர் வந்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஹாஜியிடமே போனார். ஹாஜி அதற்குள் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் கிடந்தார். கேட்ட வாயால்தான் விடுவிக்க முடியும். வார்த்தையை வாங்கியவரைத் தவிர வேறு யாராலும் திருப்பித் தர முடியாது.

"ஹாஜி, எத்தனை வருஷம்னு நாம பேசிக்கலையே."

"பேசலையோ?" ஹாஜி ஆச்சரியப்பட்டார். யோசித்தார். "மரம் காய்க்கட்டும். முதல் பழத்தை எனக்குக் கொண்டுவா. அன்னைக்கு உக்காந்து பேசி முடிச்சிரலாம்."

இது ஒரு தேதி. சுவைலிம் அன்றைக்கே வால்வைத் திறந்தார். அதற்குப்பிறகு ஒன்றரை வருடம் அந்த அத்தியை அவர் கவனித்த மாதிரி அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பிள்ளையைக்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆட்டெரு, கோழியெரு, வீட்டுக் கழிவுநீர். உப்பு மேலே ஏறாமலிருக்க நிழல்வலை. லமீஸின் புத்தகங்களை வாங்கிப் படங்களைப் பார்த்தார், பிறகு எழுத்துகளையும். தப்பிப்பதற்காகப் படித்தார். அப்படிப் படிக்கிறவன்தான் முழுசாகப் படிக்கிறான். கண் கெட்டுப்போனது. ஒரு வீட்டுக்கு லோடு ஊற்றப் போனால், அந்த வீட்டுச் சமையலறைத் தண்ணீர் தெருவில் ஓடுவதுதான் கண்ணில் பட்டது.

"இதை அந்த மாதுளைப் பக்கம் திருப்பி விடுங்கம்மா. அடியில வைக்கோல் போடுங்க" என்பார். வாரம் மூன்று லோடு வாங்கிய வீடுகள் ஒன்றாகக் குறைத்துக்கொண்டன.

"தண்ணி விக்கறவன் தண்ணி வாங்காதேன்னு சொல்றான்" என்று நவ்ஃபா தன் தம்பியிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். "டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு பாக்கறேன்."

மூன்றாம் வருடம் மே மாதம் அத்தி பழுத்தது. ஏழு பழங்கள். காலையில் பறித்து, இலையை விரித்துத் தட்டில் அடுக்கி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹாஜி வீட்டுத் தெருவில் திரும்பினார். தெருவை அடைத்துத் துக்கக் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தட்டோடு திரும்பிப் போனாலும் தவறு, உள்ளே போனாலும் தவறு. போனார். வரிசையில் நின்ற மகன்களுக்கு ஆறுதல் சொன்னார். யாரோ கையிலிருந்த தட்டை வாங்கிப் பேரீச்சைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துத் தின்றார்கள்.

"நல்ல அத்தி" என்றார் ஒருவர். "எந்த ஊரு?"

மூன்றாம் நாள் கூடாரம் பிரிந்தபின் ஹாஜியின் மூத்த மகன் ஃபாரிஸிடம் விஷயத்தைச் சொன்னார்.

"என்கிட்ட நீ குடுக்கலையே அபூ ஹாயில். வாப்பாகிட்டக் குடுத்தே. அவர்கிட்டக் குடுத்ததை நான் எப்படித் திருப்பித் தர்றது?" ஃபாரிஸ் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நீ விட்டுட்டுப் போனா உன்னை யாரும் தடுக்கப் போறதில்ல. ஆனா, செத்தவருக்குக் குடுத்த வார்த்தைன்னு பேசுவாங்க. உன் பொண்ணுங்களைக் கட்டிக்குடுக்கணும், பாரு."

லமீஸிடமும் போனார். லமீஸ் ஒப்பந்தக் காகிதங்களை எடுத்துக் காட்டினார். "நீங்க போகலாம் அபூ ஹாயில். ஒப்பந்தத்துல மூணு வருஷம்தான் போட்டிருக்கு. டிசம்பரோட முடியுது. சங்கமே கிளம்புது, உங்களுக்கென்ன?"

"பேப்பர்ல இருக்கறது உங்க கணக்கு, இஞ்சினியரம்மா. நான் பேப்பர்ல குடுக்கலையே."

"வாயால குடுத்ததுக்கு எப்ப முடிவு?"

"அதைத்தான் ஊர் ஊரா கேட்டுட்டிருக்கேன்."

டிசம்பரில் சங்கம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனது. பெயர்ப்பலகையையும் சுவைலிமையும் விட்டுவிட்டுப் போனது. அதன்பிறகுதான் கையேடு அச்சானது. அதைப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாசலுக்கு வந்தவனுக்கு டீ கொடுக்காமல் அனுப்ப முடியாது. டீ குடித்தவன் நிலத்தைக் காட்டச் சொல்லாமல் போகமாட்டான். நிலத்தைப் பார்த்தவன் மட்டம் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்பான். வருடங்கள் போயின. சவுண்டல் வளர்ந்து வேலியாகி, சாலையிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. வெயில் காலத்தில் ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். உள்ளேயிருந்து சாலை தெரியவில்லை என்பதைத்தான் சுவைலிம் கவனித்தார். மரத்தை வெட்டிவிடுவாரோ என்று ஒருமுறை கோடாலியோடு நின்றவரைப் பார்த்து நவ்ஃபா நினைத்தாள். அவர் வெட்டியது கிளைகளைத்தான். வருடம் இருமுறை வெட்டி மூடாக்காகப் போட வேண்டும்.

ஹனூஃபுக்குப் பதினெட்டு முடிந்தபோது அகபாவில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஸக்ர் குடியிருந்த கட்டடத்தில் மூன்றாவது மாடி காலியானது. நவ்ஃபா இந்தமுறை பாயைச் சுருட்டுவதற்கு முன்னால் பேசினாள்.

"நாங்க போறோம்."

"நானா—"

"உன்னைச் சொல்லல. நீ குடுத்தது உன் வார்த்தை. அதுல என் பேரும் பிள்ளைங்க பேரும் இருந்ததா யாரும் சொல்லல."

"தனியா எப்படி நவ்ஃபா?"

"தனியா எங்க? அதான் உனக்கு நாப்பது நாப்பது பேரா வர்றாங்களே." பிறகு குரலை இறக்கினாள். "நீ வரமாட்டேன்னு தெரியும். வான்னு கூப்பிட்டு உன்னைச் சங்கடப்படுத்தவும் எனக்கு இஷ்டமில்ல. ஏழு வருஷம் கூப்பிட்டாச்சு."

சுவைலிம் வெளியே போய் லாரியின் டயர்களில் காற்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். போகிறவர்கள் பஸ்ஸில் போகிறார்களா, லாரியிலா என்று அதுவரை யாரும் பேசியிருக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலையில், சுவைலிம் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, அதன் மேல் மெத்தைகளையும் பின்னால் ஃபிரிட்ஜையும் கட்டி, மனைவியையும் மூன்று மகள்களையும் முன்னால் நெருக்கி உட்காரவைத்து, அகபாவுக்கு ஓட்டிப்போனார். மச்சானோடு சேர்ந்து ஃபிரிட்ஜை மூன்றாவது மாடிக்குத் தூக்கினார். அடுப்புக்கு எரிவாயுக் குழாயை மாட்டிக் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பார்த்தார். ஒரு டீ குடித்தார். பொழுது சாய்வதற்குள் காலி லாரியை ஓட்டிக்கொண்டு ருமைலாவுக்குத் திரும்பினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பத்தொன்பது பேருக்கு, வரும் தண்ணீரைப் போகவிடாமல் நிறுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.